கதவைத் தட்ட வைத்த அக்காவுக்கு

அக்கா, மகளின் ஸ்கீயை எடுக்க நேற்று நிலக்கீழ் அறைக்குப் போனேன். கதவைத் திறந்ததும் ஒரு ரொய்லெற் பேப்பர் மூட்டை சரிந்து காலில் விழுந்தது. பின்னால் இன்னும் நாலைந்து மூட்டைகள். பிள்ளைகளின் கோர்ப்ஸ், அதுதான் பள்ளிக்கூட பாண்ட் வாத்தியக் குழு, செலவுக்குக் காசு சேர்க்க முந்தின வருட இலையுதிர் காலத்தில் எங்களிடம் விற்கத் தந்தவை. எங்கள் வீட்டுக்கு அடுத்த பிறவிக்கும் காணும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் மேல் கோபம்தான் வந்தது. எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டு இப்படியா போவது?

நோர்வேக்காரர் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு படியேறி வீடு வீடாக விற்றார்கள். நாங்கள் இருக்கும் புருசெத்தில் எங்கள் ஆட்களுக்கு அது மானப் பிரச்சினை. "ஊரில கேள்விப்பட்டா என்ன நினைப்பினம்?" என்று என் கணவர் அவ்வளவையும் தானே வாங்கிக் கீழே அடுக்கினார். மற்றத் தமிழ் வீடுகளிலும் இதே கதைதான். பெற்றோர் குழுவில் இருந்த ஒரே தமிழ் ஆள் நீங்கள். வந்து பார்த்துவிட்டு என்னைத்தான் பிடித்தீர்கள்.

"காசுக்கு மட்டுமோ தட்டச் சொன்னவை? உனக்கு மேல் வீட்டில ஆர் இருக்கினம் எண்டு தெரியுமோ?"

தெரியாது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனீர்கள். மேல் வீட்டுக் கிழவர் கதவைத் திறந்து, பின்னேரங்களில் மேளம் அடிப்பது என் மகளா என்று கேட்டார். முறைப்பாடு வரப்போகிறது என்று நான் ஒடுங்கிப்போனேன். அவரோ, நன்றாக அடிக்கிறாள், கொஞ்சம் அவசரப்படுகிறாள் என்றார். சின்ன வயதில் அவரும் கோர்ப்ஸில் மேளம் அடித்தவராம். அடுத்த செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கே வந்துவிட்டார். பொல்லை ஊன்றிக்கொண்டு இன்றைக்கும் வருகிறார். வராதது எங்கள் ஆட்கள்தான்.

உங்கள் நினைவுக் கூட்டத்துக்கு மண்டபம் கொள்ளாத சனம். ஒலிவாங்கியைப் பிடித்தவர்கள் எல்லாரும் உங்கள் சேவையையும் பொறுமையையும் புகழ்ந்து தள்ளினார்கள். உங்களிடம் எங்கே அக்கா பொறுமை இருந்தது? அதிக நேரம் பேசிய அண்ணையிடம் கூட்டம் முடிந்ததும் கேட்டேன்: "செவ்வாய்க்கிழமை கதிரை அடுக்க வருவீங்களோ?"

"பார்ப்பம் தங்கச்சி" என்றார். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

பெற்றோர் குழுவில் உங்கள் இடத்தில் இப்போது நான். போன கிழமைக் கூட்டத்தில் தலைவி வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்: குழுவுக்கு இன்னும் ஒரு ஆள் கிடைக்காவிட்டால் மே பதினேழு தேசிய தின ஊர்வலத்தில் எங்கள் பிள்ளைகள் நடக்க முடியாது, கோர்ப்ஸை மூடவேண்டியதுதான். டுக்னாட் என்றால் ஊரில் செய்த சிரமதானம்தானே என்று ஒவ்வொரு தமிழ் வீடாகச் சொல்லிப் பார்த்தேன். போன இடமெல்லாம் தேத்தண்ணி தந்தார்கள், எவ்வளவு காசு என்று கேட்டார்கள். குழுவுக்கு வரமட்டும் மாட்டார்களாம். எரிச்சலில் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மிஞ்சியிருந்தது உங்கள் வீடு ஒன்றுதான். அங்கே இப்போது ஓர் இளம் குடும்பம், மகன் கோர்ப்ஸில் ட்ரம்பெட் ஊதுகிறான். அந்த மணியை அழுத்த எனக்குக் கை வரவில்லை. இன்று பின்னேரம்தான் அழுத்தினேன். தாய் கதவைத் திறந்தாள். விசயத்தைச் சொன்னேன்.

"எவ்வளவு எண்டு சொல்லுங்கோ அக்கா, குடுத்து விடுறன்."

"காசு வேண்டாம். நீர் வாரும்."

"இவரைக் கேட்டுத்தான் சொல்லவேணும்."

முந்திய நான் என்றால் சரி என்று தலையாட்டிவிட்டுப் படியிறங்கியிருப்பேன். எல்லாரும் புகழ்ந்த உங்கள் பொறுமை எனக்கு வரவில்லை, அக்கா. உங்களிடம் உண்மையில் இருந்ததுதான் வந்திருக்கிறது.

"ஓம், கேளும்" என்றேன். "நான் இஞ்சையே நிக்கிறன்."