சொட்டாத சிப்பர்

விருத்தாசலம்
28.11.2025

அன்பு மகள் பானுமதிக்கு,

இது அப்பா தன் கையாலேயே எழுதுவது. எழுத்தறிவு வகுப்பு முடித்து எழுதும் முதல் கடிதம் உனக்குத்தான். போன் இருக்கும்போது இது எதற்கு என்று உன் அத்தை தங்கம்மாள் கேட்கிறாள். எழுதக் கற்ற கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. இந்தப் பக்கத்துக்கு இரண்டு நாள் ஆனது.

உன் மகள் வெண்பா நலம். பதினைந்து மாதத்துக்கு நல்ல கனம். நீ சொன்னபடி, பால்புட்டிக்குப் பதிலாக மூக்கு வைத்த சிப்பர் வாங்கிவிட்டேன். கடையில் தண்ணீர் கேட்டு நான்கு சிப்பரிலும் ஊற்றிக் கவிழ்த்துப் பார்த்தேன். மூன்று ஒழுகின. நான்காவது ஒரு சொட்டு விடவில்லை. பீங்கான் கம்பெனியில் முப்பது வருஷம் ஒழுகும் சாமானைக் கழித்துப் போட்ட கை, ஏமாறுமா?

ஆனால் வெண்பா அதன் மூக்கைக் கடித்துவிட்டு வீசி எறிகிறாள். பால்புட்டியைக் கொடுத்தால்தான் அழுகை நிற்கிறது.

உன் அப்பா,
கொளஞ்சிநாதன்


ஓசூர்
6.12.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கம்பெனி பஸ்ஸிலேயே பிரித்துப் படித்தேன். பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம் காட்டினேன்.

புட்டிதான் கவலை. இங்கே குழந்தைகள் காப்பகத்தில் ஜனவரி ஐந்தாம் தேதி இடம் தருகிறார்கள். புட்டியில் குடிக்கும் குழந்தையைச் சேர்க்க மாட்டார்கள். இந்த இடத்தை விட்டால் அடுத்தது ஜூனில்தான். ஆறு மாதமாக அவளைப் போனில் மட்டும் பார்க்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அவளை அனுப்ப உங்களுக்கு மனம் வரவில்லையா? அதனால்தான் அழுததும் புட்டியைக் கொடுத்துவிடுகிறீர்களா?

உங்கள்,
பானுமதி


விருத்தாசலம்
18.12.2025

அன்பு மகளுக்கு,

கோபம் இல்லை. உன் கடைசி வரியை மூன்று தரம் படித்தேன்.

அன்று மாலை சிப்பரில் பால் ஊற்றி நானே உறிஞ்சினேன். கன்னம் வலித்தது, நாக்கில் பால் படவில்லை. தங்கம்மாள் பார்த்துவிட்டு, "என்னாண்ணே, உனுக்கு இப்பத்தான் பல்லு முளைக்குதா?" என்றாள். மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு சின்ன ரப்பர் அடைப்பு. சொட்டாமல் காப்பது அதுதான். பலமாக உறிஞ்சினால்தான் வழி விடும் போலிருக்கிறது. பழக்கத்தில் ஒழுகுகிறதா என்று பார்த்தேனே தவிர, குடிக்க வருகிறதா என்று பார்க்கவில்லை.

இதையும் எழுதிவிடுகிறேன். ரப்பரைக் கழற்றினால் போதும் என்று அப்போதே தெரிந்தது. கழற்றவில்லை. ஜூன் வரை அவள் என்னோடு இருக்கட்டுமே என்று மூடியைத் திரும்ப மாட்டி அலமாரியில் வைத்தேன். ஒரு நாள் முழுக்க யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் நீ போனில் கூப்பிட்டாய். வெண்பா போனைத் திருப்பி, அதன் முதுகுப் பக்கம் உன்னைத் தேடினாள். நீ வைத்ததும் ரப்பரைப் பிடுங்கிவிட்டேன்.

இப்போது கவிழ்த்தால் ஓட்டைக் குடம்தான். அதில்தான் குடித்தாள். முதல் வாய்க்கு இருமினாள், என்னைப் பார்த்தாள், பிறகு விடவே இல்லை. அவள் சட்டை, என் வேட்டி எல்லாம் பால். எட்டு நாளாகப் புட்டி கேட்கவில்லை. நேற்று தங்கம்மாள் சோதிக்கப் புட்டியை நீட்டினாள். வெண்பா அதை வாங்கிக் கோழிக் கூடைக்குள் போட்டுவிட்டாள். தான்தான் பழக்கியதாக உன் அத்தை தெரு முழுக்கச் சொல்லி வருகிறாள்.

ஜனவரி இரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, நாங்களே அவளைக் கொண்டு வருகிறோம். சேலத்தில் மாறி ஏறும் பஸ்ஸை நானே பலகை படித்துக் கண்டுபிடிப்பேன். வாயைத் திறந்து யாரையும் கேட்கக் கூடாது என்று தங்கம்மாளிடம் சொல்லியிருக்கிறேன். நீ பஸ் நிலையத்துக்கு வராதே. தெருப்பெயரும் எனக்குப் படிக்க வரும்.

உன் அப்பா,
கொளஞ்சிநாதன்


ஓசூர்
24.12.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

அந்த ஒரு நாளை நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. இனி அப்படிக் கேட்க மாட்டேன்.

ரப்பரை மாட்ட வேண்டாம். சொட்டட்டும், தரையை நான் துடைத்துக்கொள்கிறேன். பொங்கல் முடியும்வரை நீங்களும் அத்தையும் இங்கேதான்.

பஸ் நிலையத்துக்கு வரமாட்டேன். இந்தத் தெருவில் எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் கதவில் ஒரு தாளை ஒட்டியிருக்கிறேன். பெரிய எழுத்தில், ‘கொளஞ்சிநாதன் மகள் வீடு’ என்று. படித்துவிட்டுத் தட்டுங்கள்.

உங்கள்,
பானுமதி