வெள்ளிப் பூச்சுக்கு அடியில் நீலப் புள்ளி

மச்சான்,

சென்ற மாதத்து முதல் வெள்ளிக்கிழமை, கூட்டித் துடைப்பதற்காக மண்டபத்தைத் திறந்தபோது, மணமகளுக்குப் போடுகிற அந்தத் தங்கநிறக் கதிரையின் மெத்தையில் ஒரு போல்ட்டின் தலை கிடந்தது. தலை மட்டும். உடைந்த இடம் ஊறிய பிஸ்கட் மாதிரி அடுக்கடுக்காக உதிர்ந்தது. மின்விசிறித் தண்டுக்காக சீலிங்கில் வெட்டிய துளைவழியே விழுந்திருக்க வேண்டும். கையில் எடுத்துத் திருப்பினேன். ஒரு பக்கத்து வெள்ளிப் பூச்சு நகத்தோடு உரிந்து வந்தது. அதற்கு அடியில் நீலம். உன் ஊர் கண்டக்குழியில் படகுகளுக்கு அடிக்கிற நீலம். உன்னுடைய நீலம்.

நீ மௌத்தாகி, மண்ணுக்குள் போய் எட்டு மாதமாகிறது. உனக்கு எழுதுவதற்கு இதைவிட நல்ல காரணம் ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். வந்தது இதுதான்.

உனக்குத் தெரிந்தவற்றையும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். மறந்துவிட்டேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது. பாலாவிச் சந்தியில், கற்பிட்டிக்குப் போகிற வீதியில் நான் கட்டிய கட்டடம். கீழே தளபாடக் கடை, அதற்கு மேல் கொங்கிறீட் தட்டு, தட்டுக்கு மேல் தகரக் கூரை போட்ட கலியாண மண்டபம். மேலே கலியாணம் முடித்தவர்கள் இறங்கி வருகிற வழியில் கட்டிலும் அலுமாரியும் பார்த்துக்கொண்டு போகலாம் என்பது என் திட்டம். "தொட்டிலையும் வச்சிரு மச்சான், இன்னொரு தரம் வர்ற அலைச்சல் மிச்சம்" என்றாய். மறு மாதமே தொட்டிலும் வைத்தேன். நல்லாகத்தான் போனது.

ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் கடல்நீர்க் களப்பு. மே மாதம் தொடங்கினால் கச்சான் காற்று ஐந்து மாதம் விடாமல் அடிக்கும். புதிதாக வாங்கிய பூட்டு ஒரே வருடத்தில் துருவேறித் தன் திறப்பை மறந்துவிடும் ஊர் இது. இந்த ஊரில் இரும்பால் ஒரு கூரை கட்டி அதற்குக் கீழே ஐந்நூறு கதிரை போட்டவன் நான். கடலை விட்டுக் கூரை வேலைக்கு வந்தவன் நீ. நம் இருவரில் யாருக்குப் புத்தி அதிகம் என்ற கேள்விக்கு ஊர் அப்போதே விடை வைத்திருந்தது. தொப்பியும் கைக்கடிகாரமும் போட்ட என்னைத்தான் அது தெரிவு செய்தது.

ஒவ்வொரு வருடமும் கச்சானுக்கு முன்னால் நீ சின்னச் சுத்தியலோடும் நீலப் பெயின்ற் பேணியோடும் வருவாய். உத்தரத்தையும் குறுக்கு இரும்பையும் பிடித்துக்கொண்டிருக்கிற போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டுவாய். தட்டிவிட்டுக் காதைச் சாய்ப்பாய். எதைக் கேட்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"உசிருள்ளது பதில் சொல்லும் மச்சான். செத்தது சும்மா கேட்டுட்டு இரிக்கும்."

வர்த்தகர் சங்கக் கூட்டங்களில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பலரை அந்த நிமிடம் நினைத்துக்கொண்டேன். செத்ததற்கு நீலப் புள்ளி வைப்பாய். பிறகு நீலப் புள்ளிகளை மட்டும் தேடிப் போய்ப் புதிது மாற்றுவாய். அது முடிந்ததும், கரையில் படகு நிறுத்துகிற வாடிக் கொட்டில்களுக்குச் செய்வதுபோல, கூரைமேல் பழைய வலையை விரித்துக் கயிற்றால் இழுத்து மண்மூட்டையில் கட்டுவாய்.

பிறகு ட்ரோன் வந்தது. கலியாணத்தை வானத்திலிருந்து படம்பிடிக்கத் தொடங்கினார்கள். கட்டாரிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளையின் தம்பி வீடியோவைப் பார்த்துவிட்டு, கலியாண வீடு கருவாடு காயப்போட்ட வாடி மாதிரி இருக்கிறது என்று சொன்னான். அந்த வருடத்தோடு வலையை நிறுத்தினேன். நீ சண்டை பிடிக்கவில்லை.

"வலை கூரையப் புடிக்காது மச்சான். விழுற நேரம் எங்க விழணும் எண்டு சொல்லிக் குடுக்கும்" என்றாய். அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டு நாலு இடத்தில் சொல்லிச் சிரித்தேன்.

அதற்கு அடுத்த வருடம் நீலம் மிக அதிகமாக இருந்தது. மூன்றில் ஒன்றுக்குப் புள்ளி. மாற்றத் தொடங்குவதற்குள் சீனி வருத்தத்தில் உன் கால் புண்ணாகி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாய். நீ படுத்திருந்த நாளில் மண்டபம் பார்க்க வந்த ஒரு பெண்ணின் தாய் அண்ணாந்து பார்த்து, "கூரைக்கு அம்மை போட்டிரிக்கா?" என்று கேட்டார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. மறுநாளே இரண்டு பெயின்ற்காரரைப் பிடித்து, உத்தரம், இரும்பு, போல்ட் எல்லாவற்றுக்கும் வெள்ளிப் பூச்சு அடிக்கச் சொன்னேன். நல்ல வேலைக்காரர்கள். ஒரு புள்ளியையும் விடவில்லை. அதற்குக் கீழே வெள்ளைப் பலகையில் சீலிங்கும் போட்டேன்.

நீ ஊன்றுகோலோடு படிப்படியாக ஏறி வந்தாய். வாசலில் நின்று நெடுநேரம் மேலே பார்த்தாய்.

"மையத்தக் குளிப்பாட்டி வெள்ளைத் துணியில கபன் போட்டிரிக்காய்."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "எது செத்தது எண்டு இனி யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாய். நீ குணமானதும் இன்னொரு தரம் தட்டினால் தெரிந்துவிட்டுப் போகிறது என்றேன். நீ குணமாகவில்லை. நீ ஒருநாள் கூரையிலிருந்து விழுந்துதான் போவாய் என்று ஊரில் எல்லாரும் உறுதியாக இருந்தார்கள். நீ கிளினிக்கில், இலக்கத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, கூப்பிடுமுன் கதிரையில் இருந்தபடியே போனாய். அந்தக் கட்டடத்துக்குக் கொங்கிறீட் கூரை.

போல்ட் விழுந்த அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு உன் மகளின் கலியாணத்துக்கு இருந்தது மூன்று வாரம். நம் மண்டபத்தில்தான். அழைப்பிதழ்கூட அடித்தாகிவிட்டது.

படிக்குக் கீழே இருக்கிற அலுமாரியில் உன் சுத்தியல் பேணிக்குள்ளேயே கிடந்தது. ஏணி வைத்து, சீலிங்கில் ஒரு பலகையைத் தூக்கி, தலையை உள்ளே விட்டு டோர்ச் அடித்தேன். வெள்ளைப் பலகைகளின் மேல் போல்ட்டுத் தலைகள் ஆட்டுப் புழுக்கைபோல அங்கங்கே கிடந்தன. கைக்கு எட்டிய பத்தைத் தட்டினேன். நான்கு பதில் சொல்லின. மற்ற ஆறும் நான் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தன.

புத்தளத்திலிருந்து ஒரு கட்டடக் கொந்தராத்துக்காரரைக் கூட்டிவந்தேன். அவர் மேலே ஏறவில்லை. மண்டபத்தின் நடுவில் நின்று சீலிங்கைப் பார்த்து, நல்ல வேலைப்பாடு என்று பாராட்டினார். பயமாக இருந்தால் இன்னொரு பூச்சு அடிக்கலாம் என்றார். ஒன்றை மட்டும் சரியாகச் சொன்னார்: கச்சானில் யாரும் தகரம் கழற்ற மாட்டார்கள், கழற்றினால் தகரத்தோடு ஆளும் போய்விடுவான். காற்று விழும்வரை காத்திருக்க வேண்டும். ஒக்டோபர்.

அன்று பின்னேரமே கண்டக்குழியில் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி தேத்தண்ணி ஊற்றினார். மகள் அழைப்பிதழ்களுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். மண்டபம் தர முடியாது என்று சொன்னேன். கூரை சரியில்லை என்றேன்.

"என்ன நானா சொல்றீங்க" என்றார் உன் மனைவி, எப்போதும்போல என்னை அண்ணன் முறை வைத்து. "அவர் பாதி ஆயுசு அந்தக் கூரையிலதானே இருந்த. வாப்பாட கைபட்ட கூரைக்குக் கீழதான் கலியாணம் எண்டு இவள் நிண்ட நிலையில நிண்டுதானே அத எடுத்த."

அப்போதுதான் நீலப் புள்ளிகளைப் பற்றிச் சொன்னேன். வெள்ளிப் பூச்சைப் பற்றியும் சொன்னேன். போல்ட்டின் தலையை மேசையில் வைத்தேன். மகள் அதை எடுத்து, பூச்சு உரிந்த இடத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தாள்.

"வாப்பாக்கு இது தெரியுமா மாமா?"

"ஓம், தெரியும்."

"ஒண்ணும் சொல்லல்லயா?"

"சொன்ன. நான்தான் கேக்கல்ல."

அவள் போல்ட்டின் தலையைத் திரும்ப என் முன்னால் வைத்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கு ஆயத்தமாகச் சில வசனங்களும் வழியில் யோசித்து வைத்திருந்தேன். அவள் கோபப்படவில்லை.

"பெயின்ற் அடிச்சதுக்குப் பொறகு எத்தன கலியாணம் நடந்த மாமா? அந்தப் புள்ளைகளும் அதுக்குக் கீழதானே இருந்த?"

நான் கோப்பையை எடுத்தேன். தேத்தண்ணியைக் குடித்தேன். உன் மனைவி மகளைப் பார்த்து, "சும்மா இரு" என்றார், மெதுவாக. கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டாள் என்பதற்காக அல்ல. கேட்டது எனக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்காக.

மறுநாள் மண்டபத்தைப் பூட்டினேன். முன்பதிவு செய்த வீடுகளுக்கெல்லாம் நானே போய்ச் சொன்னேன். எல்லா வீட்டிலும் என்னை ஒரே மாதிரித்தான் பார்த்தார்கள். ஒருவர், வேறு யாருக்கோ கூடிய வாடகைக்குக் கொடுத்துவிட்டேன் என்று முடிவு செய்தார். இன்னொருவர் எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று என் மனைவியிடமே அனுதாபம் தெரிவித்தார். அந்தக் கூரைக்குக் கீழே ஏற்கெனவே கலியாணம் முடித்தவர்கள் வீட்டுக்கு நான் போகவில்லை. போய் என்ன சொல்வது? ஒன்றும் நடக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ், என்றா?

உன் மகளின் கலியாணம் கண்டக்குழியில், பள்ளிவாசலுக்குப் பின்னால், மணலில் தறப்பாள் கட்டி நடந்தது. காற்று தறப்பாளுக்குள் நுழைந்து, மரியாதையாக ஒவ்வொரு சஹன் தட்டாகப் போய்ச் சோற்றில் மணல் தூவிற்று. மாப்பிள்ளையின் மாமா, எனக்குக் கேட்க வேண்டும் என்ற அளவான சத்தத்தில், "மண்டபம் அங்க சும்மா நிக்கிது, நாம இங்க மண்ணத் திங்கிறம்" என்றார். உன் மகள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அது உன் சிரிப்பு.

திரும்பி வரும்போது பாலாவிச் சந்தியில் காரை நிறுத்தினேன். பின்னேர வெயிலில் கூரை வெள்ளியாக மின்னிக்கொண்டு நின்றது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இதை உனக்கு மட்டும்தான் எழுதலாம். என் கட்டடம் விழவில்லையே என்று நான் ஏமாந்து நின்றேன். அது நிற்கிற ஒவ்வொரு நாளும் ஊர் முன்னால் நான் பொய்யன். அது விழுந்தால் நான் யார் என்று ஊருக்கு இன்னும் தெரியாது; நீலத்தை மூடியவன் என்று உன் மகளுக்குத் தெரியும்.

கீழே கற்பிட்டி பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் கூரையின் நிழலில்தான் நிற்கிறார்கள். அந்தப் பக்கத்தில் கயிறு கட்டி, ஆபத்து என்று மூன்று மொழியிலும் பலகை தொங்கவிட்டேன். சனங்கள் கயிற்றில் பையைக் கொழுவிவிட்டு, பலகைக்குக் கீழே நின்று பஸ் பார்க்கிறார்கள். பையைக் கொழுவ ஒரு வசதி செய்து தந்ததற்காக ஒருவர் எனக்கு நன்றியும் சொன்னார்.

கலியாணம் முடிந்து ஒரு கிழமைக்குள் உன் மகளும் மாப்பிள்ளையும் சின்ன லொறி ஒன்றில் வந்தார்கள். உன் பழைய வலை, கயிறு, நாலு படகுக்காரர். கூரையில் யாரையும் ஏற வேண்டாம் என்று அவளே சொன்னாள். பக்கத்துக் கட்டடத்துத் தட்டிலிருந்து வலையை எறிந்து விரித்தார்கள். வீதிப் பக்கத்தில் நாலு கயிறு கட்டு, பின்பக்கத்து வெறுங்காணிப் பக்கம் இரண்டு போதும், தளர விடு என்று அவள் கீழே நின்று கை காட்டினாள். ஏன் என்று மாப்பிள்ளை கேட்டார்.

"போறதெண்டா அந்தப் பக்கம் போகட்டும்" என்றாள்.

இப்போது என் கட்டடம் வானத்திலிருந்து பார்த்தால் கருவாட்டு வாடிதான்.

ஒவ்வொரு காலையும் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு படியேறிப் போகிறேன். படி முடிகிற இடத்தில் தலைக்கு மேல் கொங்கிறீட் இருக்கிறது. அதற்கு அப்பால் போவதில்லை என்று உன் மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அங்கே நின்று மண்டபத்துச் சீலிங்கின் ஓரப் பலகையைக் கழற்றிவிட்டு, உன் சுத்தியலை ஒரு கம்பில் கட்டி நீட்டினால் ஏழு போல்ட் எட்டும். தட்டிவிட்டுக் காதைச் சாய்க்கிறேன். செத்ததற்குக் கம்பு நுனியில் துணி சுற்றி நீலம் வைக்கிறேன். பேணியில் பெயின்ற் இறுகிவிட்டிருந்தது. மண்ணெண்ணெய் விட்டுக் கலக்கினேன். இந்தப் புள்ளிகளுக்கு மேல் யாரும் வெள்ளி அடிக்கப் போவதில்லை. அவற்றைப் பார்க்கவும் யாரும் வரப் போவதில்லை.

அந்த முதல் போல்ட்டின் தலை என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. துருக்கறை சட்டைக்குச் சட்டை ஏறுகிறது. என் மனைவி முதலில் ஏசினாள், இப்போது பேசாமல் துவைக்கிறாள். கறை போவதில்லை.

ஒக்டோபருக்கு இன்னும் எட்டு வாரம். காற்று நேற்றிலிருந்து கூடியிருக்கிறது. ஏழில், போன கிழமை நான்கு பதில் சொல்லின. நேற்று மூன்று.

இன்று காலை இரண்டு.