குறைத்து வைத்த விசிறி

என் மூத்த மகளுக்கு அம்மா எழுதுவது. அங்கே நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் பழக்கம், இந்தத் தடவை அந்த வரியை எழுதக் கை வரவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, வாய்க்கு மட்டும் குறைவில்லை. உன் சவ்வுப் பெட்டியைச் சுரங்க வாயில் பொருத்திய அன்று நீ அதன் பக்கத்தில் நின்ற படத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, வருகிறவர்களைப் பிடித்து உட்கார வைத்து, சுரங்கக் காற்றோடு வீணாகப் போகிற மீத்தேனை என் பொண்ணு சலிச்சு எடுக்கிறா, அதுல கரண்டே எடுக்கலாம் என்று பாடம் நடத்துகிறார். குழாய் பழுது பார்க்க வந்தவர்கூடத் தப்பவில்லை.

இனி சொல்வதைப் படித்துவிட்டு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. அதிகாரிகள் சோதனை பார்க்க வந்த அன்று காலை முழுக்க உன் பெட்டியில் வாயு அளவு காட்டுகிற முள் எழும்பவே இல்லை. நீ அங்கிருந்து ஐந்து தடவை போன் செய்தாய், கடைசித் தடவை ஆறு வருஷம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். சுரங்கத்துக்குள் காற்றோட்டம் கொடுக்கிற விசிறி அறையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவள் நான், விசிறி வேகமாக ஓடினால் வாயு நீர்த்துப் போகும், மெதுவாக ஓடினால் கெட்டியாகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உன் சவ்வுக்குக் கெட்டியான காற்று வேண்டும், கீழே வேலை செய்கிறவர்களுக்கு, ஒரு பொறியில் வெடித்துவிடாமல் இருக்க, நீர்த்த காற்று வேண்டும். நான் விசிறியை இரண்டு படி குறைத்தேன். நாற்பது நிமிடம்தான். முள் ஏறியது, எல்லோரும் கை தட்டினார்கள், நீ போனில் அழுதாய். பெற்ற மனம் பித்து என்பது பொய்யில்லை.

மறுநாள் பதிவேட்டைப் பார்த்து மேலாளர் என்னைக் கூப்பிட்டபோது வேலை போயிற்று என்றே நினைத்தேன், போயிருந்தால் நல்லது. அவர் சிரித்துக்கொண்டே, நல்ல வழி காட்டினீங்கம்மா, வாயுவும் கூடுது கரண்டும் மிச்சம், இனிமே அந்தக் கொறைஞ்ச வேகத்துலயே ஓடட்டும் என்றார். அது தப்புங்க, நான் செஞ்சது தப்பு என்று சொன்னேன். நாப்பது நிமிஷம் ஓடுச்சே, யாருக்காவது ஏதாவது ஆச்சா என்று கேட்டார். நடந்ததை எழுதி அவரிடமும் மேலிடத்திலும் கொடுத்தேன். சோதனை அன்று ஓடிய இந்த வேகத்தில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நிபுணரின் அறிக்கையே இருக்கிறது என்று பதில் வந்தது. அந்த நிபுணர் நீதான் கண்ணு, அடியில் இருப்பது உன் கையெழுத்து. என்னை விளக்கு அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

அந்த அறிக்கை தவறு என்று நீ எழுத வேண்டும். எழுதினால் உன் ஆறு வருடமும் போகும், அதற்கப்புறம் எந்தச் சுரங்கமும் உன் பெட்டியை உள்ளே விடாது, அது தெரிந்துதான் கேட்கிறேன். நீ எழுதினாலும் இவர்கள் கேட்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, இருந்தாலும் எழுது. கீழே வேலைக்கு இறங்குகிற உன் தம்பிக்கு நான் செய்தது தெரியாது. கீழ ஒரே புழுக்கம்மா, மூலையில வாயு மீட்டர் கத்திக்கிட்டே இருக்கு, அதனால மீட்டரைக் கழட்டிட்டாங்க, அக்கா கண்டுபிடிச்சதுன்னா சும்மாவா என்று கேலி செய்கிறான்.

நீ நன்றாக இருக்க வேண்டும், உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது. அப்பாவிடம் இதைப் பற்றிப் பேசாதே, அந்தப் படம் சுவரிலேயே இருக்கட்டும். தாமதிக்காமல் எழுது. தம்பிக்கு இந்த வாரம் காலை வேலை. அவன் தலையில் மாட்டிப் போகிற விளக்கை நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன், அவன் மேலே வந்து அதைத் திருப்பி மாட்டும்வரை காலியாக இருக்கிற அந்தக் கொக்கியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா