விலாவில் வைத்த கை

மதினி, இன்று காலை பழைய பிளாஸ்டிக் எடுக்கிறவர் தெருவில் கூவிக்கொண்டு வந்தார். ஓட்டை வாளியோடு சேர்த்து, மூன்று பந்து ஏறி இறங்கும் அந்த மூச்சுப் பயிற்சி டப்பாவையும் அண்ணன் தூக்கிப் போடப் போனான். ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டேன். "இன்னும் எதுக்கு இது? நீதான் நல்லாயிட்டியே" என்றான். குழாயின் நுனியில் உங்கள் பல் பதிந்த தடம் இருக்கிறது. வாங்கி வந்த அன்றே விளையாட்டுக்கு இழுத்துப் பார்த்து, மூன்று பந்தையும் ஒரே இழுப்பில் ஏற்றிவிட்டுச் சிரித்தீர்களே, அப்போது கடித்தது. அப்பேர்ப்பட்ட நீங்கள் நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லி ஒரு மணி நேரம்கூடத் தாங்காமல் போய்விட்டீர்கள். எனக்கு இன்னும் உங்கள் மேல் கோபம்தான்.

கொரோனா காய்ச்சல் விட்டு ஐந்து மாதம் ஆகியும் எனக்கு மூச்சு வாங்கியது. தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்க உட்கார்ந்தால், மரச் சட்டத்தின் வரிகளில் பாதித் தீக்குச்சி ஏறும் முன்பே தோள் இரண்டும் காதைத் தொடும். ஸ்கேனில் கோளாறு எதுவும் தெரியவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. "ஸ்கேன்லயே ஒண்ணும் இல்லன்னுட்டாவ, பிறகென்ன? நடிக்கா" என்றார் ஃபோர்மேன். கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து திரும்பி வந்து அண்ணன் வீட்டில் இருக்கிறவள் நான். வேலை போவதைவிட, பொய் சொல்கிறவள் என்ற பேர்தான் என்னை அறுத்தது. அதே ஆபீஸில் பெட்டி ஒட்டிய நீங்கள் ஒருவர்தான் அவரை வாசலில் மறித்து, "நடிக்கிறவளுக்கு உதடு வெளுக்குமா அண்ணாச்சி?" என்று கேட்டீர்கள்.

மறுநாளே டவுன் பஸ்ஸில் ஏற்றி, கோவில்பட்டியில் பிசியோதெரபி பார்க்கும் பெண்ணிடம் கூட்டிப் போனீர்கள். அந்தப் பிள்ளை என் விலா எலும்புகளுக்கு இடையே விரலை ஊன்றிப் பார்த்தது. "நெஞ்சுக்கூடு இறுகிக் கிடக்கு. கழுத்தாலயே மூச்சு இழுக்கீங்க, விலாவுக்குக் கீழ இருக்கிற தசை வேலையே செய்யல. அதப் பழக்கணும்" என்றது. டப்பாவைக் கொடுத்து, ஒரு நேரத்துக்குப் பத்து இழுப்பு, அதற்கு மேல் கூடாது என்றது. தினமும் வந்துபோக முடியாது என்றோம். விலாவைத் தளர்த்தும் முறையை உங்கள் கையைப் பிடித்தே சொல்லிக்கொடுத்தது.

பத்தோடு நிறுத்துகிற ஆளா நான்? எத்தனை சட்டமோ அத்தனைக்குக் கூலி என்று இத்தனை வருஷமும் பழகிய உடம்பு. நீங்கள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து நூறு இழுத்தேன். ஒரே வாரத்தில் தேறிவிடலாம் என்று நினைப்பு. மறுநாள் பல் விளக்கக்கூட எழ முடியவில்லை, நாலு நாள் சுருண்டு கிடந்தேன். "ஏட்டி, இதென்ன கட்டை அடுக்குத வேலையா? எண்ணிக்கைக்கு மூச்சு விடுதியே, கூறுகெட்டவளே!" என்று வைதீர்கள். வைதுகொண்டே கஞ்சி ஊட்டினீர்கள்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, எண்ணெய் தொட்ட கையை விலாவில் பதிப்பீர்கள். பெட்டி ஒட்டிக் காய்த்துப்போன கை, சொரசொரவென்று இருக்கும். "என் கையத் தள்ளு பாப்போம். கழுத்தத் தூக்காத." பத்து ஆனதும் எடுத்துவிடுவீர்கள். இன்னும் ஒன்று என்று கெஞ்சினாலும் கேட்கமாட்டீர்கள். இப்படியே எட்டு மாதம். மூன்றாவது பந்து ஏறிய அன்று தெருவே எட்டிப் பார்க்கும்படி குலவை போட்டீர்கள்.

போன பங்குனியில் உங்களைப் பந்தலில் கிடத்தியிருந்தார்கள். "அவளே முடியாதவ, ஒப்பாரி வைக்க விடாதிய, தள்ளி உக்கார வைங்க" என்று என்னை ஓரங்கட்டினார்கள். என் மதினிக்கு நான் அழாமல் வேறு யார் அழுவது? நடுவில் போய் உட்கார்ந்து, உங்களைத் தூக்கும்வரை பெருங்குரலெடுத்து அழுதேன். மாலையோடு வந்த ஃபோர்மேன் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "பாத்தீரா, எம்புட்டுச் சத்தம்! அப்ப இத்தன நாளும் நடிச்சிருக்கா."

மூச்சு இல்லாவிட்டாலும் நடிப்பு, வந்துவிட்டாலும் நடிப்பு. நல்ல நியாயம்! அன்றைக்கு அவரை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அழுத அழுகைக்கு ஐந்து நாள் எழ முடியாமல் கிடந்தேன். அப்படி ஆகும் என்று தெரிந்துதான் அழுதேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆறாம் நாள் ஆபீஸுக்குப் போய், அத்தனை பெண்களும் பார்க்க அவர் முன்னால் நின்றேன்.

"அண்ணாச்சி, முடிஞ்சா அடுக்குவேன், முடியலன்னா உக்காருவேன். நம்புததும் நம்பாததும் உங்க பாடு. உங்களுக்கு நிரூபிக்கதுக்காக நான் மூச்சு விடல."

ஒரு வார்த்தைக்குக்கூட மூச்சுத் திணறவில்லை, மதினி. இப்போதெல்லாம் களைப்புத் தட்டும் முன்பே சட்டத்தை இறக்கி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொள்கிறேன். போதும் என்று சொல்லத் தெரிந்த உடம்பு, நீங்கள் பழக்கிவிட்டுப் போனது. அவர் எதிரில் வந்து நின்று முறைக்கிறார். முறைக்கட்டும்.