வேனில் ஏறாத ஒரே பயணி

அனுப்புநர்:
கலைமகள் த/பெ கார்த்திகேசு,
தாமான் செம்பாக்கா,
திகாம் பத்து, கெடா.

பெறுநர்:
திரு. புவனேஸ்வரன்,
செயலாளர், அழைப்பு வேன் சோதனைத் திட்டக் குழு,
சுங்கை பட்டாணி.

பொருள்: எங்கள் தாமான் குடியிருப்பின் வேன் நிறுத்தத்தை நீக்கும் முடிவை மாற்றக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கைப்பேசிச் செயலியில் அழைத்தால் தாமான் முனைக்கு வரும் வேன். நல்ல திட்டம். என் புகார் திட்டத்தின் மேல் அல்ல. அடுத்த மாதம் முதல் வேன் இங்கே நிற்காது என்ற அறிவிப்பின் மேல். அதில் கண்ட காரணம்: இந்நிறுத்தத்தில் பதிவான பயணி ஒருவரே.

2. அந்த ஒருவர் நான். நான் அந்த வேனில் ஏறியதே இல்லை. எனக்கு மோட்டார் சைக்கிள் இருக்கிறது.

3. நடந்தது இது. எங்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத்திலிருந்து குடிவந்தவர்கள். அங்கே லயத்து வரிசை வீடுகளில் ஒருவர் கடைக்குக் கிளம்பினால் அந்த வரிசைக்கே சாமான் வாங்கி வருவார். ஆளாளுக்குப் போகும் வழக்கமில்லை. செயலியை நான் பதிவிறக்கினேன். "அதான் கலை போட்டுட்டாளே" என்று மற்றவர்கள் இருந்துவிட்டார்கள். காலையில் வேலைக்குப் போகும் ஆறு பெண்களுக்கும் என் எண்ணில்தான் முன்பதிவு. ஓட்டுநர் "கலைமகள்?" என்று கேட்டால் ஆறு பேரும் கை தூக்குவார்கள். இப்போது அவர் கேட்பதையே நிறுத்திவிட்டார்.

4. உங்கள் கணினி பிழை செய்யவில்லை. கைப்பேசிகளை எண்ணியது. இருக்கைகளை எண்ணவில்லை.

5. மருதம்மாள் அக்காவுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கையுறைத் தொழிற்சாலை கேண்டீனில் இவ்வாண்டுதான் சேர்ந்தார். முதல் சம்பள வேலை. மோட்டார் ஓட்டத் தெரியாது. பஸ் எங்கள் பக்கம் வருவதில்லை. வேன் நிற்காவிட்டால் வேலை நின்றுவிடும். அறிவிப்பை வாசித்துக் காட்டியபோது அவர் கேட்டதை மாற்றாமல் எழுதுகிறேன்: "ஏன் தங்கச்சி, இவ்ளோ பெரிசா உட்கார்ந்திருக்கேன், கம்ப்யூட்டருக்குத் தெரியலையா?" பக்கத்திலிருந்த லோகேஸ்வரி அக்கா: "எனக்குப் பாதி சீட்டுதான் விடுற. உன்னை ரெண்டு ஆளா எழுதச் சொல்லு லா."
சிரித்தோம்.

6. ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து ஆறு பேரும் தனித்தனியாகப் பதிந்துகொண்டார்கள். மருதம்மாள் அக்கா தம் கடவுச்சொல்லை மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டார். அதையும் மாற்றியாயிற்று.

7. ஆகவே, நிறுத்தத்தை நீக்காமல், இன்னும் சில மாதங்கள் இருக்கைகளை எண்ணிப் பார்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தாங்களே ஒருநாள் காலையில் வந்து ஏறிப் பார்த்தால் மேலும் மகிழ்வோம். இடம் கிடைப்பதுதான் கடினம். முன்பதிவு செய்துவிட்டு வாருங்கள். தங்கள் சொந்தப் பெயரில்.

நல்ல பதிலை எதிர்பார்த்து,

(ஒப்பம்)
கலைமகள் த/பெ கார்த்திகேசு

இடம்: திகாம் பத்து
நாள்: 12.8.2025