லாக்கர் பூச்சுக்கு அடியில் ஒரு கட்டைவிரல்

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம்தானே? பட்டறையில் இன்னும் தெளிக்கும் இயந்திரம் வாங்கவில்லை. அதே பிரஷ்தான், அதே பிடிவாதம்தான். முன்பு நீ கிட்டாரின் கழுத்தைப் பிடித்துத் திருப்பித் தருவாய், நான் லாக்கர் மெருகு பூசுவேன். இப்போது இரண்டும் நானே.

அந்தச் சிவப்புக் கிட்டாரை அதன் சொந்தக்காரர் திரும்பக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். மேலெல்லாம் கீறல் விழுந்துவிட்டதாம், பழைய பூச்சைத் தேய்த்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டுமாம். ஒன்பது வருடம் கழித்தும், முதுகுப் பலகையில் பதிந்த அந்தக் கைரேகை அப்படியே இருக்கிறது.

"யாருங்க ஈரத்துல கை வச்சது?" என்று அன்று அவர் கேட்டதும் உன்னைக் கைகாட்டினேன்.

"நான் கழுத்தைத் தவிர எங்கயும் தொடலண்ணா."

"பண்றதையும் பண்ணிட்டுப் பொய் வேற சொல்றியா?" என்று அவர் எதிரிலேயே கத்தினேன். சட்டையை மாட்டிக்கொண்டு போனவன்தான் நீ.

இன்று விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். ரேகையின் குறுக்கே ஒரு கோடு. உளி பட்டுத் தையல் போட்ட என் கட்டைவிரலில் இருக்கும் அதே கோடு.

இதை இன்றுதான் கண்டுபிடித்ததாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டாயிற்று.

அன்றைக்கே பார்த்துவிட்டேனடா. பார்த்த பிறகுதான் உன்னைக் கைகாட்டினேன். என் கை என்று சொல்ல நா எழவில்லை.

கிட்டாரை இன்னும் உப்புத்தாளால் தேய்க்கவில்லை. சனிக்கிழமை அவர் வருகிறார். அதே இடத்தில் நிறுத்திவைத்துச் சொல்லப்போகிறேன். நீயும் வந்து கேள்.

கையெழுத்துக்குப் பதிலாக, அதே சிவப்பில் தோய்த்த கட்டைவிரலைக் கீழே வைத்திருக்கிறேன். கோடு தெரிகிறதா, பார்.

உன் அண்ணன்