தாழ்வாரத்து எண்ணெய்க் கறை

இன்று காலை தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். காதோரம் வழிந்து கழுத்துக்கு இறங்கும் அளவுக்கு. என் வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்து, "இன்னா, தலைக்கு அபிஷேகம் நடக்குதா?" என்றார். ஆமாம் என்றேன். இந்த வாசனைக்கு உன் முகம்தான் முதலில் வருகிறது. ஆறு பேர் இருந்த அறையில் எண்ணெய் பாட்டிலை ஒளித்து வைக்காமல் ஜன்னலிலேயே வைத்தவள் நீ ஒருத்திதான்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

இருங்காட்டுக்கோட்டையில் நம் அறை நினைவிருக்கிறதா? கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து விழலாம் என்றால், மதிய ஷிஃப்ட் போகிற பெண்கள் குக்கரும் டிவியுமாக இருப்பார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை பத்து மணிக்கே தோசைக்கல்லாகிவிடும். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரையிலிருந்து வந்த நீ ஒருநாள் என் கையைப் பிடித்து, "வாட்டி, மாதா கோயிலுக்குப் படுக்கப் போவோம்" என்றாய். நான் காஞ்சிபுரத்துப் பக்கத்துக்காரி, நெற்றி நிறையக் குங்குமம் வைக்கிறவள். கோயிலுக்குப் படுக்கப் போவதா என்று முழித்தேன்.

ஒரகடம் போகிற சாலையில் ஏரிக்கரையை ஒட்டிய அந்தக் கோயிலை அன்றுதான் உள்ளே போய்ப் பார்த்தேன். மூன்று பக்கமும் தாழ்வாரம். கட்டிப்பிடித்தால் கை சேராத தூண்கள், நடுநடுவே வளைவுகள். மேலே தேக்கு உத்தரம், அதன்மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட கூரை. வெளியே லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகும். உள்ளே சித்திரை மாதத்திலும் தரை சில்லென்று இருக்கும். பீடத்தின் பக்கம் கால் நீட்டக்கூடாது என்பதால் எல்லோரும் சுவரில் தலை முட்டப் படுப்பார்கள். நடந்து வந்த யாத்ரிகர்கள் எத்தனையோ காலமாக அப்படிப் படுத்துப் படுத்து, சுவரின் அடியில் நீளத்துக்கும் பழுப்பாக ஓர் எண்ணெய்ப் பட்டை. "பாருட்டி, எத்தன பேரு தல! நம்ம தலையும் இதுல சேரட்டும்" என்று சொல்லிவிட்டு ஒருக்களித்தாய். அடுத்த நிமிஷம் குறட்டை.

அந்தத் தாழ்வாரம் கோயிலுக்கே மூத்தது. செங்கல்பட்டுப் பக்கமிருந்து நடந்தும் கட்டைவண்டியிலும் வந்த சனம் வெயிலில் சுருண்டு விழுவதைப் பார்த்த ஒரு வெள்ளைக்காரச் சாமியார், மாதா சுரூபத்தை முற்றத்தில் ஓலைக் கொட்டகையிலேயே வைத்துவிட்டு, முதலில் அதைச் சுற்றிப் படுக்க இடம் கட்டினாராம். பல வருஷம் கழித்து அதே சுவரை உயர்த்தி, முற்றத்துக்குக் கூரை போட்டபோதுதான் அது கோயில் ஆனது. காரை உதிர்ந்த மூலையில் நாமே பார்த்திருக்கிறோம்: சுவரின் கீழ்ப்பாதியில் தட்டையான பழைய செங்கல், மேல்பாதியில் தடித்த புதுச் செங்கல். திருவிழாவுக்குத் திருவிழா இந்த வரலாற்றை மைக்கில் உருகி உருகி வாசிப்பவர் கோயில் கமிட்டிப் பொருளாளர்.

அதே மனுஷன்தான் அதை மூட வந்தார். தாழ்வாரத்துச் சுவருக்கு மார்பிள், வளைவுகளுக்குக் கம்பிக்கதவு என்று ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் அறிவித்தபோது, எல்லோரும் கைதட்டினார்கள். நீ மட்டும் எழுந்தாய்.

"அய்யா, கதவு போட்டா நாங்க எங்க படுக்க?"

"இது கோயிலாம்மா, லாட்ஜா? சொவுத்தப் பாரு, ஒரே எண்ணெக் கறை. பிஷப் வந்தா இன்னா நெனைப்பாரு?"

"படுக்க எடம்தான முந்தி வந்துச்சு, கோயிலு பெறவுதான வந்துச்சு? போன திருவிழாவுல நீங்கதான மைக்குல வாசிச்சீய?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பொருளாளருக்கு முகம் கறுத்துவிட்டது. "வூட்டு வாடகை குடுத்துக்கினு கீறீங்கல்ல, அங்க போய்ப் படுங்க" என்றார். பங்குச் சாமியார் கைபேசியைப் பார்த்துக்கொண்டே, "பேசிக்கலாம்மா" என்றார். பேசவே இல்லை. அடுத்த திருவிழாவுக்குள் வெள்ளை மார்பிள் ஏறிவிட்டது. கல்லுக்குக் கல் உபயக்காரர் பெயர். கதவில் பூட்டு. "இங்கு படுக்கக் கூடாது" என்று பலகை. அந்த வருஷமும் மைக்கில் வாசித்தாரே, வெள்ளைக்காரச் சாமியார் வழிப்போக்கருக்குப் படுக்க இடம் கட்டிய கதையை, ஒரு வரி விடாமல்! வாய் கூசவில்லையே அந்த ஆளுக்கு. நீ அன்று காலை, நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, பஸ் ஸ்டாப் பெஞ்சில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு தூங்கினாய்.

பிறகு கம்பெனியில் நாம் வேலை பார்த்த லைனை மூடினார்கள். நீ ஊருக்குப் போனாய், நான் கல்யாணமாகி பென்னலூர் வந்தேன். டெங்குக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது என்று உன் தம்பி போனில் சொன்னபோது, எனக்குப் போக வேறு இடம் தெரியவில்லை. அந்தக் கோயிலில் உனக்காகப் பூசை வைக்கச் சொன்னேன். முடிந்ததும் தாழ்வாரத்தில் கொஞ்ச நேரம் உட்காரலாம் என்றால் கதவு பூட்டு. "சாவி பொருளாளர் கையில கீதும்மா" என்றார், கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை.

பொருளாளரே வந்தார். விஷயம் கேட்டு உச்சுக் கொட்டினார். "நல்ல பொண்ணும்மா. அது பேர்ல ஒரு கல்லு வெச்சிடலாமே, அந்த சொவுத்துலயே எடம் கீது" என்றார்.

உன் தலை பட்ட இடத்தை மூடிவிட்டு, அதன்மேல் உன் பெயரா? "அவ பேரு வேணாம் சார். அவ படுத்த எடத்த தொறந்து வுடுங்க, போதும்" என்றேன். அவர் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தார்.

ஆனால் மாதத்தில் ஒருநாள் அவர் பூட்டு செல்லாது. முதல் சனிக்கிழமை யாத்ரிகர் கூட்டம் உள்ளே கொள்ளாது. அன்று பூசை நேரத்துக்கு மட்டும் கம்பிக்கதவைத் திறந்தே ஆகவேண்டும். படுக்கத்தானே கூடாது? நான் தரையில் உட்கார்ந்து, நம் மூலையில், சுவரில் தலையைச் சாய்த்துக்கொள்கிறேன். கறுப்புக் கிரானைட் போட்டிருந்தால் தப்பித்திருப்பார். வெள்ளை மார்பிள் எண்ணெயைக் குடித்துவிடுகிறது. உபயக்காரர் பெயருக்கு நேர் கீழே பழுப்பாக ஒரு வட்டம் விழுந்திருக்கிறது.

போன மாதம் கோயில்பிள்ளை என்னைக் கையும் களவுமாகப் பிடித்தார். "யம்மா, நீதானா? சோப்புப் போட்டுப் பாத்துட்டேன், தின்னர் போட்டுப் பாத்துட்டேன், போவ மாட்டேங்குதே!"

"அசதியா கீதுண்ணே, தலைய சாய்ச்சேன். கோயில்ல சாய்க்காம எங்க சாய்க்கிறது?"

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அந்த வட்டத்துக்கு முன்னால் மறைப்பாகப் போட்டுவிட்டுப் போனார்.

இன்று முதல் சனிக்கிழமை. கொஞ்சம் அதிகமாகவே எண்ணெய் வைத்திருக்கிறேன், உன் தலைக்கும் சேர்த்து.